மாஷிடம் கேட்ட குஸ்திக் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் ஒரே சுவருக்குள் இருக்கும் பள்ளி. 22 வருடமாக மாலை நாலரைக்கு மேல் பிள்ளைகளுக்குக் குஸ்தி சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோருக்கும் நான் ‘மாஷ்’. ஆசிரியரைக் குறிக்கும் மலையாளச் சொல்தான், ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழில் அது எப்போதோ ஊறிப்போய்விட்டது.

டீக்கடையில், பொள்ளாச்சி பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று கேட்ட கேள்வியையே கேட்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த உடற்கல்வி ஆசிரியர்களும் போன் போட்டுக் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

குஸ்தி, மல்யுத்தம், மற்போர்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானுங்களா மாஷ்?

ஒன்றுதான். மாமல்லபுரத்தின் பெயருக்குள்ளேயே ஒரு மல்லன் இருக்கிறான். முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் அது. வீட்டில் ‘அவனோட மல்லுக்கட்ட முடியலை’ என்கிறோமே, அதுவும் இதே மல்தான். குஸ்தி நடக்கும் களத்துக்குக் கோதா என்று பெயர். தேர்தல் வந்தால் எல்லோரும் கோதாவில் இறங்குகிறார்கள், ஒருவர் உடம்பிலும் மண் ஒட்டுவதில்லை.

போட்டியில் இரண்டு வகை உண்டு. ஃப்ரீஸ்டைலில் காலையும் பிடிக்கலாம், வாரலாம். கிரேக்கோ ரோமனில் இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது, காலை வைத்து எதிராளியைத் தடுக்கவும் கூடாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் மட்டும்தான். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஃப்ரீஸ்டைலில்தான் தொடங்குவார்கள்.

டிவியில நாற்காலிய எடுத்து அடிச்சுக்குவாங்களே, அதுவா?

அது வேறு தொழில். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு ஆடுவது. இங்கே அடி, உதை, கடி, கழுத்தை நெரிப்பது, விரலை முறுக்குவது எதற்கும் இடமில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் பெஞ்சு மேல் ஏறி அடுத்தவன் மேல் குதிக்கிற பையன் ஒருத்தன் வருவான். அவனுக்கு மட்டும் குட்டிக்கரணம் இரண்டு மடங்கு.

பக்கத்துல நின்னு பார்த்தும் யார் ஜெயிச்சாங்கன்னே புரியலைங்க. எப்படிக் கணக்கு வைக்கறாங்க?

எதிராளியின் இரண்டு தோள்பட்டையும் ஒரே நேரத்தில் மேட்டில் (ஆடுவதற்காக விரிக்கும் மெத்தை, அதுதான் மேட்) பதிந்து, நடுவர் அதை உறுதி செய்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஒன்பது புள்ளி பின்னால் இருந்தவனும் அப்படி ஜெயித்துவிடலாம். அது நடக்காவிட்டால் புள்ளிக் கணக்கு. நிற்கிறவனைக் கீழே இறக்கி, பின்னால் போய் அடக்கினால் 2. கீழே இருப்பவனின் முதுகை மேட்டுப் பக்கம் திருப்பினால் 2. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. நின்ற நிலையிலிருந்து முதுகு கீழே வரும்படி வீசினால் 4, அதையே பெரிய வளைவாகத் தூக்கி வீசினால் 5. ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளி வித்தியாசம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். கிரேக்கோ ரோமனில் 8.

பெரியவர்களுக்கு 3 நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சர்வதேச விதிப்படி 2 நிமிடமாக இரண்டு சுற்று. ‘நாலே நிமிஷமா’ என்று ஒரு அப்பா சிரித்தார். தேங்காய் மூட்டை ஒன்றை நாலு நிமிடம் விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன், அந்த மூட்டை திருப்பித் தள்ளுவதாகவும் நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

பலகையில் 4-4 என்று இருந்தும் ஒருவன் கையை நடுவர் தூக்குவார். அங்கேதான் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். புள்ளி சமமானால் ஒரே பிடியில் பெரிய புள்ளி எடுத்தவர் யார், எச்சரிக்கை குறைவாக வாங்கியவர் யார், கடைசிப் புள்ளி யாருடையது என்று வரிசையாகப் பார்ப்பார்கள். நடுவர் ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்று கத்துவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பையன் நோஞ்சானா இருக்கறான். இவனைப் போய் குஸ்திக்கு விடலாமுங்களா? எந்த வயசுல?

நோஞ்சானுக்குத்தான் இது நல்லது. எடை பிரித்து நடத்துகிற விளையாட்டு. 38 கிலோ பையன் அவன் எடைக்காரனோடுதான் மோதுவான். கூடைப்பந்திலும் வாலிபாலிலும் ஓரமாக நின்று பந்து பொறுக்கிப் போட்டவர்கள்தான் என்னுடைய நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேர்.

ஆறாம், ஏழாம் வகுப்பு சரியான வயது. பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்து நடக்கும், ஆகையால் அவசரம் ஒன்றுமில்லை. முதல் மூன்று மாதம் பிடியே சொல்லித்தர மாட்டேன். விழக் கற்றுக்கொள்வதுதான் பாடம். தாடையை நெஞ்சில் ஒட்டி, கையை ஊன்றாமல், உருண்டு விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். இந்த மூன்று மாதத்தில் சலித்துப்போய் ஓடிவிடுகிறவர்கள் உண்டு. நான் போய்க் கூப்பிடுவதில்லை.

மேட் இல்லாமலே ஆரம்பிச்சீங்கன்னு சொல்றாங்க. எங்க ஸ்கூல்லயும் இல்லை, எப்படிங்க சார்?

முறையான மேட் 12 மீட்டர் சதுரம், நடுவே 9 மீட்டர் விட்டத்தில் வட்டம். அதன் விலையைக் கேட்டுவிட்டு எங்கள் தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல் வருடம் ஆற்று மணலில் விட்டேன். பிள்ளைகளின் முழங்கையும் முட்டியும் உரிந்துபோயின.

அப்புறம் நார் மில் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் தென்னை. மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள் அப்போது மலைமலையாகக் கிடக்கும். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்பார்கள். (இப்போது அதைக் கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள், சும்மா கேட்டால் கிடைக்காது.) இரண்டு டிராக்டர் லோடு கொட்டி, அரை அடி உயரத்துக்குப் பரப்பி, பிள்ளைகளை ஒரு வாரம் மிதிக்கவிட்டு, மேலே தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் முளையடித்துக் கட்டினோம். விழுந்தால் வலிக்காது. ஆனால் தார்ப்பாய் தையல் முகத்தில் உரசினால் தீப்பட்ட மாதிரி எரியும், அதனால் தையல் மேலெல்லாம் பழைய போர்வையை வைத்துத் தைத்தோம். மழைக்காலத்தில் தூள் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும், பூரான் வரும். தினமும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தார்ப்பாய் பாய்மரம் போல எழும்பும். நாலு பேர் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்துகொள்ள, நடுவில் இரண்டு பேர் பிடிப்பார்கள்.

ஒன்பது வருடம் அப்படி ஓட்டினோம். பிறகு ஜூடோக்காரர்கள் கழித்த மேட் துண்டுகள் வந்தன, பழைய வகுப்பறை ஒன்றில் போட்டோம். துண்டு மேட்டில் இடைவெளிதான் ஆபத்து, கால் கட்டைவிரல் மாட்டும். தினமும் வெறுங்காலால் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்கள்.

பொட்டப்புள்ளைக்கு இது எதுக்கு மாஷ்? நாளைக்குக் கட்டிக்குடுக்க வேண்டாமா?

இப்படிக் கேட்ட அம்மா ஒருவரின் மகள்தான் எங்கள் பள்ளியிலிருந்து மாநிலப் போட்டிக்குப் போன முதல் பெண். ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் 2004 ஏதென்ஸில் தொடங்கியது. 2016 ரியோவில் சாக்ஷி மாலிக் 58 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். அந்த வாரம் மட்டும் என்னிடம் ஆறு பெண்பிள்ளைகள் வந்தார்கள், இரண்டு பேர் நிலைத்தார்கள்.

கல்யாணத்தை விட முக்கியமான கேள்வியைப் பெற்றோர் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 2023ல் டில்லி ஜந்தர் மந்தரில் நாட்டின் முன்னணி வீராங்கனைகளே பாலியல் தொல்லைப் புகாரோடு தெருவில் உட்கார்ந்தார்கள். தொட்டுச் சொல்லித்தர வேண்டிய விளையாட்டு இது, ஆகவே விதி கறாராக இருக்க வேண்டும். பெண்கள் பயிற்சியில் ஒரு ஆசிரியை இல்லாமல் கதவு திறக்காது. பிடியை நான் ஒரு பையனை வைத்துக் காட்டுவேன், பெண்கள் தங்களுக்குள் செய்வார்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஆசிரியையோ ஒரு அம்மாவோ கூட வர வேண்டும். தனியாக மெசேஜ் அனுப்புகிற பழக்கம் கிடையாது, பெற்றோர் இருக்கும் குரூப்பில் மட்டும்தான். உங்கள் ஊர்ப் பயிற்சியாளர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

எடை குறைக்கணும்னு பையன் ரெண்டு நாளா சோறே திங்கறதில்லை. நீங்கதான் சொன்னீங்களாம்?

நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

நாலாவது வருடம். பத்தாம் வகுப்புப் பையன், 50 கிலோ 300 கிராம். 48ல் இறக்கினால் மெடல் நிச்சயம் என்று எனக்குப் பேராசை. மூன்று நாள் தண்ணீரை அளந்து கொடுத்தேன். வெயிலில் மழைக்கோட்டு போட்டு ஓடவிட்டேன். தேங்காய்க் களத்துத் தராசில் காலையும் மாலையும் ஏற்றினேன். போட்டியன்று காலை 47.9. முதல் ஆட்டத்தில் ஒரு நிமிடம் தாங்கவில்லை. மேட்டுக்கு வெளியே வந்து வாந்தி எடுத்தான், உதடு வெள்ளையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா வந்தார். தென்னை ஏறுகிறவர். சத்தம் போடவில்லை. ‘ராத்திரி என்ன சாப்ட்டான் மாஷ்?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

பள்ளி மல்யுத்தம் பெரிய அளவில் நடக்கும் அமெரிக்காவில் இதற்குத் தனி விதியே உண்டு. 1997ல் ஒரு மாதத்துச் சொச்சத்துக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கும்போது செத்துப்போனார்கள்; ரப்பர் உடையும் சூடான அறையும் உடம்பை வற்றடித்துவிட்டன. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. அங்கே இப்போது பள்ளிப் பிள்ளையின் உடம்பில் நீர் போதுமா என்று சோதித்துவிட்டு, கொழுப்பு ஆண்களுக்கு 7 சதவீதத்துக்கும் பெண்களுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகாதபடி ஒரு எடையைக் குறித்துவிடுவார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. நம் பக்கம் அந்தச் சோதனை இல்லை, நான் வைத்திருக்கும் விதி சுலபமானது: வளர்கிற பிள்ளை எடை கூடினால் மேல் பிரிவு. அவ்வளவுதான். உங்கள் பையனுக்கு இன்றைக்கு ராத்திரி சோறு போடுங்கள், நாளைக்கு என்னிடம் அனுப்புங்கள்.

அப்ப அமன் செஹ்ராவத் ஒரே ராத்திரியில நாலரை கிலோ குறைச்சாரே, அது எப்படி மாஷ்?

இதைக் கேட்டவன் எட்டாம் வகுப்பு. செய்திகளில் வந்தது 4.6 கிலோ. 2024 பாரிஸில் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கும்போது அவருக்கு 21 வயது, சுற்றிலும் மருத்துவர், பயிற்சியாளர், உணவு வல்லுநர் என்று ஒரு பட்டாளம். அதே பாரிஸில், அதே வாரத்தில், அதே மாதிரி பட்டாளம் இருந்தும் வினேஷ் போகட்டுக்கு 100 கிராம் இறங்கவில்லை. முந்தைய நாள் அரையிறுதியை ஜெயித்துவிட்டு, இறுதிப்போட்டி அன்று காலை எடை பார்க்கும்போது 50 கிலோவுக்கு மேல் இருந்ததால் தகுதி போனது. இரண்டு நாளும் எடை பார்ப்பது 2018 முதல் வந்த முறை. ராத்திரியோடு ராத்திரியாக வற்றடித்து, மறுநாள் குடித்துச் சரிக்கட்டும் வித்தையைத் தடுக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள்.

உனக்கு 13 வயது, உன்னைச் சுற்றி இருப்பது நான் ஒருத்தன்தான் என்றேன். திருப்தியில்லாமல்தான் போனான்.

புரோட்டீன் பவுடர் வாங்கட்டுமா? ஜிம்முல டப்பா ரெண்டாயிரம் சொல்றாங்க.

வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் நிலக்கடலையும் வாங்குங்கள். கொள்ளும் பாலும் ராகியும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. டப்பாவுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பெயர் கெடுவது பிள்ளைக்கு.

எனக்கு உறுத்துவது வேறு. பள்ளி மதிய உணவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எலும்பு நீள்வது ஒன்பதாம் வகுப்பில். காலையில் டீயும் பன்னும், மதியம் ஒன்றுமில்லாமல் நாலரைக்கு மேட்டுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் எங்கள் அறையில் அலமாரியின் கீழ்த்தட்டு அவித்த கடலைக்கு. சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் பிடி.

குஸ்திக்காரங்க காது ஏன் பணியாரம் மாதிரி வீங்கிக் கிடக்குது? என் பையனுக்கும் ஆயிருமா?

காது திரும்பத் திரும்ப உரசும்போது, குருத்தெலும்புக்கும் அதன் மேல் படலத்துக்கும் நடுவே ரத்தம் தங்கும். குருத்தெலும்புக்குச் சத்து போவதே அந்தப் படலத்திலிருந்துதான். ரத்தத்தை எடுக்காமல் விட்டால் அது அப்படியே இறுகி உருமாறிவிடும். காது தொளதொளவென்று வீங்கினால் அன்றோ மறுநாளோ டாக்டரிடம் போங்கள். ரத்தத்தை எடுத்து அழுத்திக் கட்டுவார். வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள். பயிற்சியில் காதுக் கவசம் போட்டாலே பெரும்பாலும் தப்பிக்கலாம். வீங்கிய காதைப் பெருமையாகப் பார்க்கிற பையன்களும் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் என் மூச்சு போகிறது.

காதை விடப் பெரிய தொல்லை படர்தாமரை. ஒருத்தனுக்கு வந்தால் ஒரு வாரத்தில் ஊருக்கே. தினமும் உள்ளே வரும்போது கை, கழுத்து, முதுகு பார்ப்பேன். வட்டமாகச் சிவந்திருந்தால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். நகம் வெட்டியிருக்க வேண்டும். துண்டு அவரவருடையது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கிருமிநாசினி போட்டு மேட்டைத் துடைக்க வேண்டும். செருப்புப் போட்ட கால் மேட்டில் படவே கூடாது, தலைமையாசிரியர் கால் என்றாலும்.

நாங்க தமிழ் மீடியம். தமிழ்நாட்டுக்கு ஆடுவாங்களா, கேரளாவுக்கா? மலையாளம் தெரியாம திணறமாட்டாங்களா?

பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் மாமன் வீடு என்பதால் பிள்ளை தமிழ்நாட்டு அணியில் இறங்க முடியாது. மொழிக்குப் பயப்பட வேண்டாம். நடுவர் வாயிலிருந்து வருவது ‘ஆக்‌ஷன்’, ‘காண்டாக்ட்’, ‘ஓப்பன்’ மாதிரி பத்துச் சொல்தான், உலகம் முழுக்க அதே சொல். மேட்டின் ஓரத்திலிருந்து நான் தமிழில் கத்துவது எங்களுக்குக் கூடுதல் வசதி. ‘இடது காலை எடு’ என்று நான் கத்தினால் எதிராளியின் மாஷுக்குச் சில சமயம் புரியாது. பாலக்காட்டுக்காரர்கள் என்றால் புரிந்துவிடும், அப்போது சைகை.

படிப்பு கெட்டுப்போகாதுங்களா?

கெடுகிறவனுக்குச் செல்போனிலேயே கெடும். மாலை நாலரை முதல் ஆறரை வரை, வாரம் ஐந்து நாள், பரீட்சை மாதம் விடுமுறை. கேரளத்தில் விளையாட்டுச் சாதனைக்குக் கிரேஸ் மார்க் உண்டு. எவ்வளவு, எந்த அளவு போட்டிக்கு என்பதை அந்தந்த வருட உத்தரவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கிறது. ரயில்வே, ராணுவம், போலீஸ் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கலாம். ஆனால் வேலைக்காக மட்டும் சேர்த்தால் இரண்டாவது தோல்வியிலேயே பையன் வீட்டுக்குப் போய்விடுவான்.

நானும் உங்களை மாதிரி கோச் ஆகணும். என்ன படிக்கணும் சார்?

பள்ளி வேலைக்கு உடற்கல்விப் பட்டம் வேண்டும். சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920ல் தொடங்கியது. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் கல்லூரி. குஸ்தியில் மட்டும் ஆழமாகப் போக வேண்டுமானால் பட்டியாலாவில் 1961ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமா. ஒரு வருடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. நான் அதைத்தான் படித்தேன். கோதுமை ரொட்டியும் இந்தியும் தொண்டையில் இறங்க இரண்டு வாரம் ஆனது.

குஸ்திக்குன்னு தனிச் சம்பளம் உண்டா?

கிடையாது. உடற்கல்வி ஆசிரியர் சம்பளம்தான். நாலரைக்கு மேல் செய்வது நம் இஷ்டம். பஸ் கட்டணம், ஷூ, சில சமயம் நுழைவுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. 1952ல் ஹெல்சின்கிக்குப் போய், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த கே.டி. ஜாதவுக்காகக் கோலாப்பூரில் அவருடைய கல்லூரி முதல்வர் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார் என்பார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. வீட்டில் ஒரு வளையல் போய்த் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

22 வருஷத்துல எத்தனை மெடல் மாஷ்?

மாவட்டத்தில் நிறைய. மாநிலத்தில் பதினொன்று. தேசிய அளவில் ஒன்றுமில்லை. மேலே சொன்ன 50 கிலோ பையன் பிறகு குஸ்திக்கு வரவேயில்லை, இப்போது வேலந்தாவளம் மார்க்கெட்டில் காய்கறி வண்டி ஓட்டுகிறான். போன வருடம் அவன் மகனைக் கொண்டுவந்து விட்டான். ‘எடையை மட்டும் பார்க்காதீங்க மாஷ்’ என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வர்ற மே 31ல ரிட்டயர் ஆகறீங்களாமே. அப்புறம் யாரு?

56 முடிகிறது, ஆகத்தான் வேண்டும். என் இடத்துக்கு யார் வருவார்கள் என்பது மேலே இருப்பவர்கள் முடிவு, வாலிபால்காரராகவும் இருக்கலாம். ஆனால் அறைச் சாவி இரண்டு. ஒன்று, மாநிலப் போட்டிக்குப் போன முதல் பெண் என்று சொன்னேனே, அவளிடம். காலையில் பால் சொசைட்டியில் வேலை, சாயங்காலம் இங்கே. கல்யாணமும் ஆயிற்று, அவள் அம்மா கவலைப்பட்டது வீண். ஆறு வாரப் படிப்பையும் முடித்துவிட்டாள்.

தராசு என் சொந்தக் காசில் வாங்கியது, அதை விட்டுவிட்டுப் போகிறேன். என் மேஜையடியில் கிடந்ததை எடுத்து அவள் வாசலில் வைத்துவிட்டாள். எடை குறிக்கும் நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். இரண்டு கிலோ சட்டென்று இறங்கியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, கடலை மட்டும். போன வாரம் யாரோ கூப்பிட்டார்கள் என்று போன் பேசிக்கொண்டே செருப்போடு மேட்டில் கால் வைத்துவிட்டேன். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என்னை வெளியே அனுப்பிவிட்டு வாளியும் துணியும் எடுத்துவரச் சொன்னாள்.